வாரண்டை வைத்துக்கொண்டு வெளிநாடு போகலாமா?

சட்டம் அறிவோம்

போன மாதம் மேற்பிரிவுப் பிள்ளைக்காம்பராவில் மாதர் சங்கக் கூட்டம் நடந்தது. அன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் சேமிப்பு. கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகு ஒரு தங்கச்சி மட்டும் வாசற்படியில் நின்றார். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுப் பேசினார்.

"ஐயா, குவைத்துக்குப் போக ஏஜென்சியில பேர் குடுத்திருக்கேன். மெடிக்கலும் பாஸாயிருச்சு. ஆனா மூணு வருசத்துக்கு முந்தி பீலிச் சண்டையில ஒரு கேஸ் இருந்திச்சு. அந்த அக்காவும் நானும் மாரியம்மன் திருவிழாவில ராசியாயிட்டோம். அதுக்குப் பொறகு நான் கோட்டுக்குப் போகல்ல. இப்ப வாரண்ட் இருக்குன்னு பேசிக்கிறாங்க. ஏர்போட்டில புடிப்பாங்களா?"

அவரிடம் நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான். "ஏஜென்சிக்காரனுக்கு எவ்வளவு காசு குடுத்திருக்கீங்க?" காதில் போட்டிருந்த தோட்டை அடகு வைத்திருந்தார். வட்டிக்கும் கொஞ்சம் எடுத்திருந்தார். இதே கேள்வியை வேறு வேறு தோட்டங்களில் வேறு வேறு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிலர் போவதற்கு முன் கேட்டார்கள். சிலருடைய மனைவிமார், புருஷன் போன பிறகு வந்து கேட்டார்கள். ஆகவே அந்தத் தங்கச்சிக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

வாரண்ட் எப்படி வருகிறது?

நீதிமன்றம் ஒருவரை வரச் சொல்லி முதலில் அனுப்புவது அழைப்பாணை. நாம் பேச்சில் 'சம்மன்' என்கிறோம். வரவில்லை என்றால், அல்லது பிணையில் போனவர் தவணைக்கு வராமல் விட்டால், அவரைப் பிடித்துக் கொண்டுவரும்படி பொலிசுக்கு நீதவான் எழுத்தில் கையொப்பமிட்டுக் கொடுக்கும் கட்டளைதான் பிடியாணை. அதைத்தான் வாரண்ட் என்கிறோம். கொலை, கொள்ளை போன்ற பெரிய குற்றங்களுக்கு முதலிலேயே பிடியாணை வரலாம். ஆனால் நம் தோட்டங்களில் நான் பார்த்த வாரண்டுகளில் பெரும்பாலானவை குற்றத்துக்காக வந்தவை அல்ல, வராமல் விட்டதற்காக வந்தவை.

ஏன் போகாமல் விடுகிறோம்? கோட்டுக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும், பஸ் காசு போய்விடும். போனாலும் "தவணை போட்டாச்சு" என்று பின்னேரம் அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு தரம் இப்படி அலைந்தவருக்கு மூன்றாம் தரம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போக மனம் வருமா? அடுத்தது, கடிதம். நம் லயக்காம்பராக்களில் பலவற்றுக்கு இன்றைக்கும் தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான் விலாசம். கடிதம் தோட்ட ஆபிசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலோ போய், ஒரே பெயர் உள்ள நாலு பேரில் எவருக்கோ சேர்ந்து, கடைசியில் கூரை இடுக்கில் செருகப்படுகிறது. நீதிமன்றத்துக்கு இந்தக் கதை தெரியாது. அழைத்தோம், வரவில்லை என்றுதான் அங்கே எழுதப்படும்.

மூன்றாவது காரணம் அந்தத் தங்கச்சி சொன்னதுதான்: "ராசியாயிட்டோம்." சண்டை போட்ட இரண்டு பேரும் கோயிலில் விபூதி எடுத்துப் பூசிக்கொண்டால் மனஸ்தாபம் தீரும், வழக்கு தீராது. பொலிஸ் வழக்குப் போட்டிருந்தால் வழக்காளி பக்கத்துக் காம்பரா அக்கா அல்ல, பொலிஸ். சிறு காயம் போன்ற சில குற்றங்களைச் சமாதானமாகத் தீர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. மத்தியஸ்த சபைகளும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதற்காகவே இருக்கின்றன. ஆனால் அந்தச் சமாதானத்தை நீதிமன்றத்தில் சொல்லி, நீதவான் பதிந்து, வழக்கை முடித்து வைக்க வேண்டும். அதுவரைக்கும் அது நடப்பு வழக்குத்தான்.

"பழைய வாரண்டுதானே, இந்நேரம் செத்துப் போயிருக்கும்" என்பவர்களும் உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்வது வேறு. பிடியாணை நிறைவேற்றப்படும் வரை, அல்லது அதைப் பிறப்பித்த நீதிமன்றமே இரத்துச் செய்யும் வரை அது வலுவில் இருக்கும். வருஷம் போனால் தானாகச் செத்துப்போகும் என்று எங்கும் எழுதியில்லை. இலங்கையில் எந்த மூலையில் வைத்தும் அதை நிறைவேற்றலாம்.

தாத்தா காலத்து வாரண்ட்

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். வாரண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆட்கள் ஒளிந்துகொள்ளப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன்.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தோட்டத் தொழிலாளி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம். இன்றைக்கு வேலையை விட்டுப் போனால் அதிகம் போனால் சம்பளம் தகராறாகும். அன்று மூன்று மாதம் வரைக்கும் மறியல். துரை முறைப்பாடு செய்தால் வாரண்ட் வரும், பொலிஸ் வரும், கங்காணியின் ஆள் வருவான். ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொன்றுக்கு முறையாகப் போவதென்றால் 'துண்டு' வேண்டும். கங்காணியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று எழுதிய கடதாசி அது. கடன் ஆளுக்கு மேல் ஆளாக ஏறிக்கொண்டே போகும். அந்த வாரண்டுக்குப் பயந்து இரவோடு இரவாக மலை ஏறி இறங்கி ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம்.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் இந்தக் கொடுமையை எதிர்த்துப் பேசினார்கள். 1919இல் அவர் தொழிலாளர் நலனுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வேலையை விட்டுப் போனதற்காக மறியலில் போடும் வழக்கமும் அந்தக் காலத்தோடு முடிவுக்கு வந்தது.

சட்டம் போய் நூறு வருஷம் ஆயிற்று. பயம் மட்டும் லயத்தில் தங்கிவிட்டது. அன்றைய வாரண்ட் தோட்டத்தை விட்டுப் போனவனைப் பிடிக்க வந்தது. அதற்குத் தப்ப ஓடுவதைத் தவிர வழி இருக்கவில்லை. இன்றைக்கு வருவது நீதவானின் முன் வராததற்காக. முன்னால் போய் நின்றால்தான் அது தீரும். தாத்தா செய்தது அவர் காலத்துக்குச் சரியாக இருக்கலாம், நாம் அதையே செய்தால் சிக்கல் கூடத்தான் செய்யும்.

(வளைகுடா நாடுகள் சிலவற்றில் எசமானின் வீட்டை விட்டு வெளியேறிய வேலைக்காரர் மீது 'ஓடிப்போனவர்' என்று முறைப்பாடு பதியும் வழக்கம் இருக்கிறது. சவூதியில் அதை 'ஹுரூப்' என்பார்கள். கேட்கும்போது 1865ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வருகிறது. அது வேறொரு பாடம், இன்னொரு முறை பார்ப்போம்.)

கட்டுநாயக்காவில் பிடிப்பார்களா?

வாரண்ட் உள்ள எல்லோரும் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வதில்லை. அதை மறைப்பதில் பயனில்லை. நீதிமன்றம் ஒருவருக்கு வெளிநாட்டுப் பயணத் தடை விதித்தால், அந்தக் கட்டளை குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போகும். கவுண்டரில் இருக்கும் உத்தியோகத்தர் கடவுச்சீட்டை வைத்ததும் கணினியில் அது தெரியும். அப்படித் தடை உள்ளவர் அந்தக் கவுண்டரைத் தாண்ட முடியாது. பயணத் தடை இல்லாத வெறும் பிடியாணை அங்கே தெரிய வரலாம், வராமலும் போகலாம். பொலிஸ் தகவல் கொடுத்திருக்கிறதா, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் ஒத்துப்போகிறதா என்பதைப் பொறுத்தது அது. ஒருவர் போய்விட்டார் என்பதற்காக அடுத்தவரும் போகலாம் என்று நினைப்பது சூதாட்டம். பந்தயப் பணம் உங்கள் தோடு, உங்கள் வட்டிக்கடன்.

பிடித்துவிட்டால் என்ன ஆகும்? ஏஜென்சிக்குக் கொடுத்ததும் டிக்கட்டும் போகும். அன்று இரவு பொலிசில். மறுநாள் அல்லது அதற்கு மறுநாள் நீதவான் முன்னிலையில். தேடிப் பிடித்துக் கொண்டுவந்த ஆளுக்கும் தானாக வந்து நின்ற ஆளுக்கும் நீதவான் ஒரே மாதிரிப் பிணை கொடுப்பாரா? 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதுதான் வழமை, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. ஆனால் இந்த ஆள் மறுபடி வராமல் போய்விடுவார் என்று நினைக்கக் காரணம் இருந்தால் பிணையை மறுக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கையில் விமான டிக்கட்டோடு பிடிபட்டவருக்கு அந்தக் காரணத்தை அவரே தூக்கிக் கொடுத்த மாதிரி.

விமான நிலையத்துக்கு முன்னாலேயே இன்னொரு இடத்திலும் இது வெளிவரும். பல நாடுகள் விசாவுக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்கின்றன. அந்த விண்ணப்பம் நீங்கள் குடியிருக்கும் இடத்துப் பொலிஸ் வரைக்கும் விசாரணைக்கு வரும். உங்கள் வாரண்ட் இருக்கும் புத்தகமும் அங்கேதான் இருக்கிறது.

இதில் ஒன்றும் செய்யாதவர்களும் அகப்படுவது உண்டு. நம் தோட்டங்களில் ஒரே பெயரில் எத்தனை லெட்சுமி, எத்தனை செல்வராஜ்? தகப்பன் பெயரும் ஒன்றாக இருக்கும், விலாசமும் ஒன்றாக இருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து. அடுத்த லயத்துக்காரரின் வழக்கு உங்கள் பெயரில் நிற்கக்கூடும். ஆகவே பொலிசிலோ நீதிமன்றத்திலோ பெயர் கொடுக்கும்போது அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். பெயர் நாலு பேருக்கு இருக்கும், அந்த இலக்கம் ஒருவருக்குத்தான்.

போய்ச் சேர்ந்த பிறகு

போய்ச் சேர்ந்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக ஒரு விஷயம் சொல்கிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம்.

ஒரு பையன். தீபாவளி இரவு குடித்துவிட்டு அடிதடி, ஒருவருக்கு மண்டையில் தையல். பிணையில் வந்தான். அவனுக்காகச் சரீரப் பிணை கையெழுத்துப் போட்டவர் அவனுடைய தாய்மாமன், தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும் மனுஷன். இரண்டு தவணைக்குப் போனான். பிறகு கட்டாருக்குப் போய்விட்டான். கட்டுநாயக்காவில் யாரும் கேட்கவில்லை. நல்ல வேலை, மாதாமாதம் காசு வந்தது, தங்கச்சிக்குக் கலியாணமும் நடந்தது. ஆனால் மாமனுக்கு நோட்டீஸ் வந்தது. ஆளைக் கொண்டுவா, இல்லாவிட்டால் பிணைத் தொகையைக் கட்டு. மாமன் சேமலாப நிதியை நம்பிக் கடன் வாங்கிக் கட்டினார். இரண்டு குடும்பமும் ஒரே லயத்தில் இருந்துகொண்டே பேச்சு வார்த்தை இல்லாமல் போனது.

அவன் ஆறு வருஷம் வீட்டுக்கு வரவில்லை. லீவு கிடைத்தும் வரவில்லை. "வந்தா ஏர்போட்டிலயே தூக்கிருவாங்க" என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். நாலாம் வருஷம் தகப்பன் இறந்தார். பிரேதத்தை இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். கொள்ளி வைத்தது சின்னவன். மூத்தவன் போனில் அழுதுகொண்டு கிடந்தான்.

கடைசியில் தாய்க்குச் சுகமில்லை என்றதும் வந்தான். வருவதற்கு முன்பே ஒரு சட்டத்தரணியிடம் பேசி வைத்திருந்தோம். வந்து இறங்கிய மூன்றாம் நாள் நீதிமன்றத்தில் முன்னிலையானான். நீதவான் கண்டித்தார், நன்றாகவே கண்டித்தார். பிடியாணை மீளப் பெறப்பட்டது. அடுத்த தவணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணமும் நட்டஈடும் கட்டினான். மொத்தம் அவனுடைய கட்டார் சம்பளத்தில் ஒரு மாதத்துக்குக் கூடக் காணாது. கூண்டை விட்டு இறங்கி வந்து என்னிடம் அவன் கேட்டது: "இதுக்கா ஐயா ஆறு வருசம்?"

எல்லா வழக்கும் இவ்வளவு லேசாக முடியும் என்று நான் சொல்லவில்லை. இவனுக்கு முடிந்தது. தேடியும் அகப்படாமல் தலைமறைவாக இருப்பவரின் வழக்கை அவர் இல்லாமலேயே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவும் நம் நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்படி நடந்தால், திரும்பி வரும்போது நீங்கள் சந்தேகநபராக வர மாட்டீர்கள், தண்டனை விதிக்கப்பட்டவராக வருவீர்கள். உங்கள் பக்கக் கதையைச் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

தாபரிப்பு வழக்கு உள்ள ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பெண்சாதி பிள்ளைக்குச் செலவு கொடுக்கச் சொல்லி 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் கட்டளை வந்த பிறகு, அதைக் கட்டாமல் வெளிநாடு போகிறவர்கள் இருக்கிறார்கள். நிலுவை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருக்கும், கட்டாததற்கு மறியலும் உண்டு. மற்ற வாரண்டுக்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், இவர்களைப் பார்த்தால் அவ்வளவாக இல்லை. டோகாவில் இருந்து புது போன் அனுப்ப முடிந்தவருக்குப் பிள்ளையின் பால்மாவுக்கு அனுப்ப முடியாதா?

பெரிய இடத்துக் கதை ஒன்று

"பெரிய மனுசனெல்லாம் கேஸ் இருந்தும் பிளேனில பறக்கிறான், நமக்குத்தானா சட்டம்?" என்று கேட்பார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் பெரிய மனிதருக்கும் பறப்பது எப்போதும் லேசாக இருப்பதில்லை. ரஷ்யாவில் இலங்கைத் தூதுவராக இருந்த உதயங்க வீரதுங்க மீது மிக் போர் விமானக் கொள்வனவு தொடர்பாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2016 ஒக்டோபரில் கொழும்பு கோட்டை நீதவான் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தபோது அவர் நாட்டில் இல்லை. 2018 பெப்ரவரியில் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் டுபாயில் தடுக்கப்பட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த நாட்டை விட்டு வெளியேற வழியில்லாமல் இருந்தார். 2020 பெப்ரவரி 14ஆம் திகதி கட்டுநாயக்காவில் வந்து இறங்கியதும் கைது செய்யப்பட்டு, நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்.

தூதுவர் வேலை பார்த்தவர், சட்டத்தரணிகளை வைத்துக்கொள்ள வசதி உள்ளவர். அவருக்கே டுபாய் விமான நிலையம் அப்படி ஆனது.

அங்கே சர்வதேச பொலிஸ், அதாவது இன்டர்போல், சம்பந்தப்பட்டிருந்தது. அதன் 'சிவப்பு அறிவித்தல்' பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அது உலகம் முழுவதற்குமான வாரண்ட் அல்ல. இந்த ஆளைத் தேடுகிறோம், கண்டால் பிடித்து வையுங்கள் என்று உறுப்பு நாடுகளுக்கு அனுப்பும் வேண்டுகோள். அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று அந்தந்த நாடு தன் சட்டப்படி முடிவு செய்யும். பீலிச் சண்டைக்கும் கசிப்பு வழக்குக்கும் சிவப்பு அறிவித்தல் வராது. யாராவது உப முகவர் அப்படிச் சொல்லிப் பயமுறுத்திக் காசு கேட்டால் நம்பாதீர்கள். உங்களைப் பிடிக்க இன்டர்போல் தேவையில்லை. ஒரு நாளைக்கு நீங்களாகவே கட்டுநாயக்காவுக்குத் திரும்பி வரத்தானே வேண்டும்.

பெயரை மாற்றிப் போகலாம் என்பவர்

உப முகவர் என்று சொன்னேன். சிலர் இதற்கும் ஒரு வழி வைத்திருப்பார்கள். "கேஸ் இருந்தா என்ன, வேற பேர்ல, வேற பிறந்த திகதியில பாஸ்போட் எடுத்துருவோம்." பொய்த் தகவல் கொடுத்துக் கடவுச்சீட்டு எடுப்பது தனிக் குற்றம். சின்ன வழக்கு ஒன்றுக்குத் தப்பப்போய்ப் பெரிய வழக்கு ஒன்றைத் தேடிக்கொள்வது அது.

அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை மறந்திருக்க மாட்டீர்கள். அவர் மீது வாரண்ட் எதுவும் இருக்கவில்லை. வீட்டு வறுமைதான் இருந்தது. 2005இல் சவூதிக்குப் போனபோது, பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு 17 வயது. கடவுச்சீட்டில் 1982இல் பிறந்ததாக, 23 வயதாக எழுதப்பட்டிருந்தது. போன சில நாட்களில் அவர் பார்த்துக்கொண்ட கைக்குழந்தை இறந்தது. கொலை என்று வழக்கு வந்தது. அவர் சிறுமி என்று சொல்ல வேண்டிய நேரத்தில் அவருடைய சொந்தக் கடவுச்சீட்டே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. எத்தனையோ பேர் மன்றாடியும் 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது.

அந்நிய நாட்டில் ஒரு கஷ்டம் வந்தால் நாம் யார் என்று காட்டுவதற்கு நம்மிடம் இருப்பது அந்தச் சின்னப் புத்தகம் ஒன்றுதான். அதில் பொய் எழுத இடம் கொடுக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது?

முதலில், ஏஜென்சிக்குக் காசு கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கட்டிய பிறகு என்றால் அவசரம் வந்துவிடும், அவசரத்தில் தவறு வரும்.

வழக்கு இலக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய பிணைக் கடதாசி, தவணைத் துண்டு ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் எந்தப் பொலிஸ் பிடித்தது, ஏறக்குறைய எந்த மாதம் என்ற விபரத்தோடு நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். நேரில் போகப் பயமாக இருந்தால் சட்டத்தரணி மூலம் பார்க்கலாம். அதுவே நல்லது. வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் இதற்கென்றே அமைக்கப்பட்டது. அதன் நிலையங்கள் பல ஊர்களில் நீதிமன்றத்துக்குப் பக்கத்திலேயே உள்ளன. வருமானம் குறைவு என்று காட்ட சம்பளச் சிட்டையும் கிராம சேவகரின் கடிதமும் கொண்டு போங்கள்.

சட்டத்தரணி ஒரு நகர்த்தல் பத்திரம் போட்டு, உங்களைத் தானாக முன்னிலையாகச் செய்து, பிடியாணையை மீளப் பெறும்படி கேட்பார். ஏன் வரவில்லை என்று நீதவான் கேட்பார். அதற்குப் பதில் உண்மையாகவும் கடதாசியோடும் இருக்க வேண்டும். பிள்ளைக்குச் சுகமில்லாமல் இருந்ததென்றால் கிளினிக் புத்தகம், தோட்ட ஆஸ்பத்திரித் துண்டு. கடிதம் கிடைக்கவில்லை என்றால் அதையும் சொல்லலாம். பிணைக்குக் கையெழுத்துப் போட இரண்டு பேரை அன்றைக்கே கூட்டிப் போவது நல்லது. பின்னேரம் ஆள் தேடி ஓட முடியாது. கிழமைத் தொடக்கத்தில், காலையிலேயே போங்கள். வெள்ளிக்கிழமை போய், ஏதாவது தடங்கல் என்றால், இரண்டு நாள் விளக்கமறியலில் இருக்க நேரலாம். நெடுங்காலம் வராமல் இருந்தவரைச் சில நாள் விளக்கமறியலில் வைக்கவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. இதை மறைத்து உங்களை அனுப்ப நான் விரும்பவில்லை. அதற்கும் மனசைத் தயார் செய்துகொண்டு, பிள்ளைகளை யாரிடமாவது சொல்லி விட்டுப் போங்கள்.

நீதிமன்றத்தில் சிங்களத்தில் பேசுவது விளங்காவிட்டால் தலையை ஆட்டாதீர்கள். வழக்கின் தரப்பினருக்கு மொழிபெயர்ப்புத் தரவேண்டும் என்பது அரசியலமைப்பில் எழுதப்பட்ட உரிமை. "விளங்கல்ல ஐயா, தமிழில சொல்லுங்க" என்றால் போதும், மொழிபெயர்ப்பாளர் சொல்வார். விளங்காமல் 'ஓம்' சொல்லிக் குற்றவாளியாகப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபிளைட்டுக்கு நேரமாகிறது என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டு ஓடவும் வேண்டாம். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது உங்கள் பெயரில் பதிவாகும். நாளைக்குப் பொலிஸ் சான்றிதழில் வந்து நிற்கும். வழக்கு முடியாவிட்டாலும், வேலைக்குப் போக அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். பயணத் தடை இருந்தால் அதைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தளர்த்தவும் கேட்கலாம். கூடுதல் பிணையோடு நீதிமன்றங்கள் அப்படி அனுமதி கொடுப்பது உண்டு.

பலர் தவறவிடும் ஒன்று இது. நீதவான் பிடியாணையை மீளப் பெற்ற அன்றே அது பொலிஸ் புத்தகத்தில் வெட்டப்பட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். கடதாசி போய்ச் சேர நாளாகும், சில வேளை போகாமலும் கிடக்கும். ஆகவே அந்தக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்றை நீதிமன்றத்தில் கேட்டு எடுங்கள். ஒன்றைப் பொலிசில் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். ஒன்று வீட்டில். ஒன்று கடவுச்சீட்டோடு உங்கள் கையில், விமான நிலையத்துக்கு.

ஏற்கெனவே வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டார், அவருடைய வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று இப்போதே சட்டத்தரணி ஒருவர் மூலம் பாருங்கள். குற்ற வழக்கில் அவரே நேரில் வரத்தான் வேண்டும். ஆனால் வரும் திகதியை முன்கூட்டியே சட்டத்தரணிக்குச் சொல்லி வைத்தால், அந்தப் பையனைப் போல வந்த கையோடு முன்னிலையாகலாம். பிணைக்குக் கையெழுத்துப் போட்ட உறவுக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். அவர்தான் இவ்வளவு நாளும் கடிதம் வாங்கிக்கொண்டிருந்தவர்.

ஏஜென்சி அனுமதிப்பத்திரம் உள்ளதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

அந்தத் தங்கச்சியின் வழக்கு இலக்கம் கிடைத்துவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை போகிறார். பீலிச் சண்டை போட்ட அந்த அக்காவும் சமாதானத்தைச் சொல்ல அவரோடு வருவதாக இருக்கிறார். இரண்டு பேருக்கும் அன்றைக்குப் பேர் போகும் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லியாயிற்று.